டிரம்மர் தனியாப் போனா பாவமா?

"பாவம்"னு ஒரு நண்பர் சொன்னார். அந்த ஒத்தை வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வெச்சிருக்கு. (ஆபீஸ் வேலை கிடக்கு. கிடக்கட்டும்.)

டீக்கடை வாசல். ஒருத்தர் போன்ல ரீல்ஸ் தள்ளிக்கிட்டே வர்றார். அதுல ஒண்ணுக்குப் பின்னணி 'எவ்ரி பிரெத் யூ டேக்'. உடனே பேச்சு தி போலீஸ் பேண்டு பக்கம் திரும்பிடுச்சு. நம்ம நண்பர் ஆரம்பிச்சார்: "ஸ்டிங் இன்னும் ஊர் ஊராப் போய்ப் பாடிட்டு இருக்கார் பாருங்க. அந்த டிரம்ஸ் அடிச்சவர் என்ன ஆனாரோ? பேண்டு போச்சுன்னா டிரம்மருக்கு என்னங்க இருக்கு? பாவம்."

எனக்கு டீ தொண்டையிலயே நின்னுடுச்சு.

"அடிச்சவர்" இல்லீங்க. பேரு ஸ்டூவர்ட் கோப்லண்ட். அந்த பேண்டை ஆரம்பிச்சதே அவர்தான். தி போலீஸ்ங்கற பேரை வெச்சதும் அவர்தான். 1976 கடைசியில நியூகாசில்ல 'லாஸ்ட் எக்ஸிட்'னு ஒரு ஜாஸ் குழுவுல பேஸ் வாசிச்சுப் பாடிட்டு இருந்த ஒரு ஸ்கூல் வாத்தியாரைப் பார்த்து, இவர் நமக்கு ஆவார்னு முடிவு பண்ணி லண்டனுக்கு இழுத்தவர். அந்த வாத்தியார்தான் ஸ்டிங். அதனால "ஸ்டிங்கோட டிரம்மர்"னு யாராவது சொன்னா எனக்கு ஏறுது. கணக்குப்படி ஸ்டிங்தான் கோப்லண்டோட பாடகர்.

இதை டீக்கடையில சொன்னேன். "சரி சரி"ன்னுட்டுக் கிளம்பிட்டாங்க. நீங்க மாட்டினீங்க.

இன்னொரு எரிச்சலும் இருக்கு. நண்பர் தீர்ப்பு சொன்னது எந்தப் பாட்டை வெச்சு? 'எவ்ரி பிரெத்'. 1983ல அமெரிக்காவுல 8 வாரம் முதலிடத்துல நின்ன பாட்டு. கோப்லண்ட் அதுல ரொம்ப அடக்கி வாசிச்சிருப்பார். அந்த ஆல்பம் பதிவானப்ப மூணு பேரும் ஒரே அறையிலகூட இல்ல. கரீபியன் கடல்ல மாண்ட்செராட் தீவு, ஏர் ஸ்டுடியோ. ஸ்டிங் கன்ட்ரோல் ரூம்ல, கிட்டார் வாசிச்ச ஆண்டி சம்மர்ஸ் ஸ்டுடியோவுல, கோப்லண்ட் சாப்பாட்டு அறையில. சத்தம் நல்லா வரும்னு டிரம்ஸை அங்க போட்டுட்டாங்கன்னு சொல்வாங்க. (மூஞ்சியைப் பார்த்தா சண்டை வரும்ங்கறதும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு நான் நினைச்சுக்கறேன்.) அந்தப் பாட்டை வெச்சு இவரை எடை போடறது, பிரியாணிக் கடைக்குப் போய்த் தண்ணி மட்டும் குடிச்சுட்டுக் கடையைப் பத்திக் கருத்து சொல்ற மாதிரி.

'வாக்கிங் ஆன் தி மூன்' கேளுங்க. ஹெட்போன் போட்டு, ஸ்டிங் குரலை விட்டுட்டு, ஹை-ஹாட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க. அந்த ரெண்டு சின்னத் தட்டை வெச்சே பேசிட்டிருப்பார். நடுவுல எக்கோ விழும், அந்த எக்கோவுக்குப் பதில் சொல்ற மாதிரி இன்னொரு அடி வரும். எங்க விழும்னு எதிர்பார்க்கறோமோ அங்க விழாது.

இந்த "எதிர்பார்த்த இடத்துல விழாதது" வேணும்னே பண்றது. வழக்கமான ராக்ல முதல் அடியில கிக் டிரம் "தொம்"னு இறங்கும். ரெக்கேங்கற ஜமைக்கா இசையில பல தடவை அந்த முதல் அடி காலி, கனம் மூணாவதுல போய் உக்காரும். நம்ம கச்சேரி கேட்டுப் பழகினவங்களுக்கு இது புரியும். சமத்துல எடுக்காம தள்ளி எடுத்தா ஒரு இழுப்பு வருமே, அந்த மாதிரி ஒரு ருசி. கோப்லண்டுக்கு இது ஜமைக்கா ரெக்கார்டுல இருந்து மட்டும் வந்ததில்ல. அவர் வளர்ந்தது பெய்ரூட்ல. காதுல விழுந்துகிட்டே இருந்தது அரபு இசை. அதுலயும் கனம் எங்க விழுதுங்கற கணக்கு வேற. ரெண்டுக்கும் ஒரு ஒத்துமை இருக்குன்னு அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

(பெய்ரூட் எப்படின்னு கேட்டா அது தனி சினிமா. அப்பா மைல்ஸ் கோப்லண்ட், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஆளு. அம்மா லொரெய்ன் ஸ்காட்லாந்துக்காரர், தொல்லியல் ஆய்வாளர். பையன் 1952ல வர்ஜீனியாவுல பிறந்து, கைக்குழந்தையா கெய்ரோ போய், அப்புறம் பெய்ரூட். ஒரு அண்ணன் போலீஸுக்கு மேனேஜர், இன்னொரு அண்ணன் கச்சேரி புக் பண்ற ஏஜென்ட். ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு பேண்டை ஓட்டியிருக்கு.)

நானும் டைனிங் டேபிள்ல ரெண்டு ஸ்பூனை வெச்சு முயற்சி பண்ணிப் பார்த்தேன். முதல் அடியை விடணும். கை கேட்கவே மாட்டேங்குது. விட்டா காலு போய்த் தரையில அடிக்குது. காலை மடக்கி உக்காந்தா தலை ஆடுது. உடம்புல ஏதாவது ஒண்ணு அந்த முதல் அடியைப் போட்டே தீருவேன்னு அடம் பிடிக்குது. கீழ் வீட்டு மாமி மேல வந்து "என்னப்பா, தேங்கா உடைக்கறயா?"ன்னு கேட்டதோட என் ரெக்கே வாழ்க்கை முடிஞ்சுது.

சரி, விஷயத்துக்கு வரேன். பேண்டை விட்டு வந்த டிரம்மர் என்ன ஆவார்?

பெரும்பாலும் முன்னாடி வந்து பாடுவார். ரிங்கோ ஸ்டார் பாடினார், 1973ல வந்த ஆல்பத்துல இருந்து ரெண்டு பாட்டு அமெரிக்காவுல முதலிடம் போச்சு. பில் காலின்ஸ் ஜெனசிஸ்ல இருக்கும்போதே 1981ல தனி ஆல்பம் போட்டு, பேண்டையே தாண்டிப் போயிட்டார். நிர்வாணா முடிஞ்சதும் டேவ் குரோல் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசிச்சு ஃபூ ஃபைட்டர்ஸ் முதல் ஆல்பத்தைப் பதிவு பண்ணார். தி ஹூ பேண்டுல இருந்துகிட்டே கீத் மூன் 1975ல போட்ட தனி ஆல்பம்தான் உச்சம். உலகத்துலயே பேய்த்தனமா டிரம்ஸ் அடிச்ச மனுஷன், சொந்த ஆல்பத்துல டிரம்ஸை முக்கால்வாசி அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டு மைக் முன்னாடி நின்னுட்டார்! கேட்டுப் பாருங்க. வேண்டாம், கேக்காதீங்க.

ஆர்.இ.எம். பேண்டு பில் பெர்ரி 1997ல விலகி விவசாயம் பார்க்கப் போனார். அதுவும் ஒரு வழி. மரியாதையான வழி.

இந்த லிஸ்ட்ல ஒரு பொதுவான எண்ணம் ஓடுது. டிரம்மர்னா பின்னாடி உக்காந்தவன், முன்னாடி வந்தாத்தான் முன்னேற்றம். கோப்லண்ட் கதை எனக்குப் பிடிக்கறது இங்கதான். அந்தாளு இன்னும் பின்னாடி போனார். திரைக்கே பின்னாடி.

அதுக்கு முன்னாடி பாடியும் பார்த்தார்னு சொல்லிடணும். 1978, தி போலீஸுக்கு இன்னும் ஒரு ஹிட்டும் இல்ல. சூப்பர்மேனோட சாதா வேஷத்துப் பேரோட ஸ்பெல்லிங்கை லேசாத் திருகி 'கிளார்க் கென்ட்'னு ஒரு புனைபெயர் வெச்சுக்கிட்டு, எல்லா வாத்தியமும் தானே வாசிச்சு, தானே பாடி, பச்சைக் கலர் ரெக்கார்டுல 'டோன்ட் கேர்'னு ஒரு சிங்கிள் போட்டார். பிரிட்டன் தரவரிசையில 48வது இடம். டாப் ஆஃப் தி பாப்ஸ் நிகழ்ச்சிக்கு முகமூடி போட்டுக்கிட்டுப் போனார். பாட்டு ஜாலியாத்தான் இருக்கும். ஆனா குரல்? என்னைக் கேட்டா, அந்தக் குரலுக்கு முகமூடி சரியான முடிவு.

அஞ்சு வருஷம் தள்ளி வாங்க. 1983. தி போலீஸ் உலகத்தோட பெரிய பேண்டு. ஆகஸ்ட்ல நியூயார்க் ஷே ஸ்டேடியம் கச்சேரி. அதே வருஷம் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா (ஆமா, காட்ஃபாதர்) 'ரம்பிள் ஃபிஷ்'னு ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்து முடிச்சிருக்கார். ஓக்லஹோமா மாநிலம் டல்சா ஊர்ல படப்பிடிப்பு. மாட் டில்லன், மிக்கி ரூர்க். படம் பூரா கடிகாரம், வேகமா ஓடற மேகம். நேரம் தீர்ந்துகிட்டே இருக்குங்கறதைத் தாளத்தாலயே சொல்லணும்னு கொப்போலாவுக்கு ஆசை. முதல்ல தானே பண்ணிடலாம்னு உக்காந்தார். (அவங்கப்பா கார்மைன் கொப்போலா இசையமைப்பாளர். வீட்டுல வாசனை இருந்தா இந்தத் தைரியம் வரத்தான் செய்யும்.) கொஞ்ச தூரம் போனதும் ஆள் வேணும்னு புரிஞ்சுது. சும்மா தாளம் மட்டும் தட்டிக் கொடுப்பாருன்னு கோப்லண்டைக் கூப்பிட்டார். கொஞ்ச நாள்லயே, இந்தாளு நம்மைவிட நல்ல இசையமைப்பாளர்னு தெரிஞ்சு, முழு வேலையையும் கையில கொடுத்துட்டு ஒதுங்கிக்கிட்டார்.

இங்க கொப்போலாவுக்கு ஒரு கும்பிடு போடணும். "நீ டிரம்மர்தானே, தாளத்தோட நிறுத்திக்கோ"ன்னு அவர் சொல்லல.

கோப்லண்ட் என்ன பண்ணார்? டல்சா தெரு சத்தங்களைப் பதிவு பண்ணிக் கொண்டு வந்து தாளத்துக்குள்ள கோத்தார். 'மியூசிங்க்'னு அப்ப புதுசா வந்த ஒரு கருவி. ஸ்கிரீன்ல மேல படம், நடுவுல வசனம், கீழ இசைக் குறிப்புக் கோடு, மூணும் ஒண்ணாச் சேர்ந்து ஓடும். எந்த ஃபிரேம்ல எந்த அடி விழணும்னு கண்ணால பார்த்தே வைக்கலாம்.

யோசிச்சுப் பாருங்க, இது டிரம்மர் மூளைக்குன்னே செஞ்ச வேலை. மேடையில டிரம்மர் என்ன பண்றார்? பாடகர் மூச்சு வாங்கற இடம், கிட்டார் திரும்பற இடம், கூட்டம் கத்தற இடம் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே, எப்ப அடிக்கணும், அதைவிட முக்கியமா எப்ப அடிக்கக் கூடாதுன்னு முடிவு பண்றார். சினிமா ரீ-ரெக்கார்டிங்கும் அதேதான். நடிகர் திரும்பிப் பார்க்கற அந்த அரை நொடிக்கு முன்னாடியா, பின்னாடியா, இல்ல சும்மா இருக்கறதா?

'ரம்பிள் ஃபிஷ்' படத்தை ஒரு தடவை வசனம் கவனிக்காம இசைக்காக மட்டும் பார்த்தேன். மரிம்பா மாதிரி கட்டைச் சத்தம், விசில், டைப்ரைட்டர் மாதிரி ஒரு தடதட, திடீர்னு எல்லாம் நின்னு வெறும் டிக் டிக். மெலடின்னு முணுமுணுக்க அதிகம் இல்ல. ஆனா படம் முடிஞ்சும் நம்ம மூச்சு அந்த வேகத்துலயே ஓடுது. அந்த இசைக்கு கோல்டன் குளோப் பரிந்துரை கிடைச்சுது. முதல் பட இசைக்கே!

(கூட உக்காந்து பார்த்த தம்பி படம் முடிஞ்சதும் கேட்டான்: "பாட்டே இல்லையே?" அவனை என்ன பண்றது.)

1984 மார்ச்ல மெல்போர்ன்ல டூர் முடிஞ்சது. தி போலீஸ் கலைஞ்சதா யாரும் அறிவிக்கவே இல்ல. ஸ்டிங் தனி ஆல்பம் போடப் போனார், அவ்ளோதான். அப்ப கோப்லண்ட் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காரல. மத்த ரெண்டு பேருக்கு முன்னாடியே ஒரு காலை வெளிய வெச்சிருந்தார்ல!

1985ல அமெரிக்க டி.வி.யில 'தி ஈக்வலைசர்' தொடர். அதோட டைட்டில் இசை இவர்து. ஃபேர்லைட்னு ஒரு ஆஸ்திரேலியக் கம்ப்யூட்டர் வாத்தியம், எந்தச் சத்தத்தையும் பதிவு பண்ணி கீபோர்டுல வாசிக்கலாம், அதை வெச்சே ஓட்டியிருக்கார். அதே 85ல சான் பிரான்சிஸ்கோ பாலேவுக்கு 'கிங் லியர்'. ஆப்பிரிக்காவுல சுத்தி 'தி ரித்மாடிஸ்ட்'னு ஒரு படமும் ஆல்பமும். (ஆல்பம் அருமை. படத்துல இவர் கறுப்புச் சட்டையோட காட்டுக்குள்ள நடந்துகிட்டே இருப்பார். ஏன்னு கேக்காதீங்க.) 1987ல ஆலிவர் ஸ்டோனோட 'வால் ஸ்ட்ரீட்', அடுத்த வருஷமே அவரோட 'டாக் ரேடியோ'. அப்புறம் வரிசையா வந்த படங்கள்ல பாதி எனக்கே பிடிக்காது. 'ஷீஸ் ஆல் தட்' மாதிரி ஹைஸ்கூல் காதல் படமெல்லாம் உண்டு. பரவால்ல, சம்பளம் வாங்கற வேலை.

இந்த சம்பள விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். யாரும் பேசறதில்ல, ஆனா கதையோட முடிச்சே இதுதான்.

பாட்டோட உரிமைப் பணம் ரெண்டு விதம். ஒண்ணு பதிவுக்கு, அதாவது வாசிச்சவங்களுக்கு. இன்னொண்ணு பாட்டை எழுதினவங்களுக்கு. எழுதறதுன்னா வழக்கப்படி மெட்டும் வரியும். தாளம் அதுல சேராது. 'எவ்ரி பிரெத்' எழுதினது ஸ்டிங் மட்டும்னுதான் பதிவு. 1997ல பஃப் டேடி அந்தப் பாட்டோட கிட்டார் துணுக்கை எடுத்து ஒரு பாட்டு போட்டு உலகம் பூரா ஓடுச்சு. கிட்டார் வாசிச்சது ஆண்டி சம்மர்ஸ். எழுதினவர்ங்கற வகையில பணம் போனது ஸ்டிங்குக்கு. டிரம்ஸுக்கு? நீங்களே சொல்லுங்க.

இந்தப் புகைச்சல் இன்னும் அடங்கல. 2025ல கோப்லண்டும் சம்மர்ஸும் ராயல்டி பாக்கின்னு லண்டன் உயர்நீதிமன்றத்துல ஸ்டிங் மேல வழக்கே போட்டுட்டாங்க. எல்லாரும் எழுபதைத் தாண்டியவங்க!

வழக்குல யார் பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரல. ஸ்டிங் எழுதின பாட்டு ஸ்டிங் எழுதினதுதான். ஆனா இதைக் கவனிங்க. பேண்டுக்குள்ள இருந்தவரைக்கும் கோப்லண்டோட தாளம் "அடிச்சது". 'ரம்பிள் ஃபிஷ்'ல அதே கை, அதே மூளை, அதே மாதிரி தாளம்தான். ஆனா திரையில பேரு வருது: இசை, ஸ்டூவர்ட் கோப்லண்ட். இடம் மாறினதும் அது இசையமைப்பு ஆயிடுச்சு. நான் அந்தாளா இருந்தா அந்த டைட்டில் கார்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பேன்.

நடுவுல 1986ல ஒரு காமெடி. மூணு பேரும் திரும்ப ஒண்ணு சேர்ந்து புது ஆல்பம் போடலாம்னு ஸ்டுடியோவுக்கு வந்தாங்க. வர்றதுக்கு முன்னாடி கோப்லண்ட் குதிரையில இருந்து விழுந்து காறை எலும்பை உடைச்சுக்கிட்டார். (போலோ ஆடுவார். அப்ப பிரின்ஸ் சார்லஸா இருந்தவரோட எல்லாம் ஆடியிருக்கார். டிரம்மர் பொழப்பு பாவம்னு சொன்ன நண்பர் இதையும் குறிச்சுக்கவும்.) டிரம்ஸ் அடிக்க முடியாது. சரி, மெஷின்ல போட்டுக்கலாம். எந்த மெஷின்ல? இவர் ஃபேர்லைட்ங்கறார், ஸ்டிங் சின்கிளேவியர்ங்கறார். சண்டை. கடைசியில அந்த மொத்த முயற்சியில அப்ப பிழைச்சு வெளிய வந்தது பழைய பாட்டு ஒண்ணோட புது வடிவம்தான். வந்தவழியே எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க.

ஓபராவைப் பத்திச் சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. 1989ல கிளீவ்லேண்ட் ஓபராவுக்காக சிலுவைப்போர் கதை ஒண்ணுக்கு இசையமைச்சார், 'ஹோலி பிளட் அண்ட் கிரசன்ட் மூன்'. விமர்சகர்கள் துவைச்சு எடுத்துட்டாங்க. ராக் டிரம்மருக்கு இங்க என்ன வேலைங்கற எரிச்சலும் அதுல கலந்திருந்திருக்கும். ஆனா மனுஷன் விடல. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதறதை வேலை செஞ்சுக்கிட்டே கத்துக்கிட்டு, 2011ல லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ்ல எட்கர் ஆலன் போ கதை ஒண்ணை ஓபராவா கொண்டு வந்தார். அதுக்கப்புறமும் எழுதிட்டேதான் இருக்கார். எனக்கு ஓபரா வராது. முயற்சி பண்ணினேன். வரல. யாராவது கத்திப் பாட ஆரம்பிச்சதும் என் கவனம் நேரா சமையல்கட்டுக்குப் போயிடுது. ஓபரா கேக்கறவங்க இதைப் படிச்சீங்கன்னா, இவரோடதுல எதுல ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க.

ஆனா எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது வேற இடத்துல இருந்து வந்துச்சு. அக்கா பையன் பிளேஸ்டேஷன்ல ஊதா கலர் டிராகன் ஒண்ணை விட்டு ஆடுகளைத் துரத்திட்டு இருந்தான். 'ஸ்பைரோ'. நான் பேப்பர் படிச்சிட்டிருக்கேன். பின்னாடி இசை ஓடுது. காது தானா நிமிருது. அந்த ஹை-ஹாட்! அந்தத் தள்ளி விழற அடி! "டேய், இதுக்கு யாருடா மியூசிக்?"ன்னேன். "கேம் மியூசிக் மாமா, யாராவது கம்ப்யூட்டர்ல போட்டிருப்பாங்க"ன்னான். தேடிப் பார்த்தா நம்மாளு! 1998ல வந்த முதல் 'ஸ்பைரோ'வுல தொடங்கி நாலு விளையாட்டுக்கு அவர்தான் இசை. 2018ல புது மெருகோட அதைத் திரும்ப வெளியிட்டப்ப ஒரு புது டைட்டில் இசையும் போட்டுக் கொடுத்திருக்கார்.

வேலை பார்த்த விதம் இன்னும் ஜோர். விளையாட்டைச் செய்யறவங்க ஒவ்வொரு கட்டத்தையும் இவருக்கு அனுப்புவாங்க. கூடவே சாகாம ஆடறதுக்குக் குறுக்குவழிச் சங்கேதம். அவர் உக்காந்து அந்தக் கட்டம் பூரா சுத்திப் பார்த்து, எந்த ஊரு, என்ன மூடுன்னு பிடிபட்டதும் இசை போடுவார். ஒரு நாள்ல நாலு துண்டு கூட முடிச்சுட்டு, மறுநாள் தீட்டி மெருகேத்துவாராம். வீடியோ கேம் ஆடறதுக்குச் சம்பளம். நண்பரே, எங்க இருக்கீங்க?

அந்த விளையாட்டோட வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கு. அவங்களுக்கு தி போலீஸ் தெரியாது, ஸ்டிங் தெரியாது. இவர் இசையை மட்டும் மனப்பாடமாத் தெரியும். அக்கா பையனும் அதுல ஒருத்தன்.

டிரம்ஸையும் அவர் ஒரேயடியா விட்டுடல. 2000ல லெஸ் கிளேபூல், டிரே அனஸ்டாசியோவோட 'ஆய்ஸ்டர்ஹெட்'னு ஒரு பேண்டு. 2017ல 'கிஸ்மோட்ரோம்'னு இன்னொண்ணு. லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுல 'சேக்ரட் குரோவ்'னு ஒரு ஸ்டுடியோ, வர்ற விருந்தாளி யாரா இருந்தாலும் கையில ஒரு வாத்தியத்தைக் கொடுத்து ஜாம் பண்ணி வீடியோ எடுத்துடுவார். ராத்திரி தூக்கம் வரலைன்னா நான் பார்க்கறது இதுதான். எழுபது வயசுக்காரர் அஞ்சு வயசுப் பையன் மாதிரி கத்திக்கிட்டே அடிப்பார்.

2007ல தி போலீஸ் திரும்ப மேடை ஏறினாங்க. வான்கூவர்ல ஆரம்பிச்ச டூர், 2008 ஆகஸ்ட்ல நியூயார்க்ல முடிஞ்சது. வசூல் 35 கோடி டாலருக்கு மேல. எனக்குப் பிடிச்ச துணுக்கு ஆரம்பத்துலயே நடந்துச்சு. டூரோட தொடக்கக் கச்சேரி ஒண்ணு சொதப்பிடுச்சுன்னு இவரே தன்னோட இணையதளத்துல எழுதிட்டார். எங்க தாளம் தப்பிச்சு, யார் எப்பத் தப்பா நுழைஞ்சாங்க, ஸ்டிங் எப்படிக் குதிச்சார், எல்லாம். கோடிக்கணக்குல டிக்கெட் விக்கற டூர்ல, சொந்தக் கச்சேரியைத் தானே கிழிக்க ஒரு தெம்பு வேணும். இன்னொரு கச்சேரிக்கு ஆள் வருமோ வராதோன்னு பயந்தவங்க இதை எழுத மாட்டாங்க. திரும்பிப் போக வேற வேலை இருந்த ஆளுக்குத்தான் இந்தச் சிரிப்பு வரும்னு எனக்குத் தோணுது.

நம்ம பக்கத்துத் தொடர்பு ஒண்ணு பாக்கி. 1980 மார்ச்ல தி போலீஸ் பம்பாய்க்கு வந்து ரங் பவன்ல வாசிச்சிருக்காங்க. அதுக்கு நாப்பது வருஷம் கழிச்சு, கொரோனா காலத்துல, பெங்களூரு இசையமைப்பாளர் ரிக்கி கேஜும் லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்த கோப்லண்டும் அவங்கவங்க ஊர்ல இருந்துகிட்டே 'டிவைன் டைட்ஸ்'னு ஒரு ஆல்பம் பண்ணாங்க. 2022ல சிறந்த நியூ ஏஜ் ஆல்பம்னு கிராமி. அடுத்த வருஷம் அதே ஆல்பத்துக்கு ஒலி அமைப்புப் பிரிவுல இன்னொரு கிராமி. நம்ம ஊர்ப் பேப்பர்ல எல்லாம் இந்தியருக்கு கிராமின்னு தலைப்பு. நியாயம்தான். உள்ள பாதி வரிசை தாண்டி "பிரபல ராக் டிரம்மருடன் இணைந்து"ன்னு ஒரு வரி. மறுபடியும் பின் வரிசை! இந்த ஆல்பத்துக்கு முதல் கிராமி வாங்கறப்ப அவருக்கு 69 வயசு.

ஆல்பம் எப்படின்னா, எனக்கு ரொம்ப அமைதியா இருந்துச்சு. நான் அவர்கிட்ட தேடறது அமைதி இல்ல. அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, காலையில பூஜை முடிச்சதும் போட்டுடறா.

நான் இப்ப திரும்பத் திரும்பக் கேக்கறது 2023ல வந்த 'போலீஸ் டிரேஞ்டு ஃபார் ஆர்க்கெஸ்ட்ரா'. அதோட விதை அவர் எடுத்த 'எவ்ரிஒன் ஸ்டேர்ஸ்'ங்கற டாக்குமென்டரி. பேண்டு ஆரம்ப நாள்ல வாங்கின சூப்பர் 8 கேமராவுல தானே சுட்ட காட்சிகளை 2006ல படமா வெட்டி ஒட்டினார். அந்தப் படத்துக்கு இசை வேணும்னு பழைய போலீஸ் பாட்டுகளையே துண்டு துண்டா நறுக்கி, ஒண்ணோட கிட்டாரை இன்னொண்ணோட மேடைத் தாளத்துல ஒட்டினார். அந்த நறுக்கலைத்தான் அப்புறம் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். ஸ்டிங் இடத்துல மூணு பெண்கள் பாடறாங்க. வயலின் வரிசை ஒரு பக்கம் போகுது, பித்தளை வாத்தியம் இன்னொரு பக்கம் வெடிக்குது, நமக்குத் தெரிஞ்ச பாட்டு எதிர்பாராத சந்துல திரும்புது. ஒண்ணு ரெண்டு பாட்டு ரொம்ப அலங்காரம் ஆயிடுச்சுன்னு எனக்கு வருத்தம் உண்டு. 'ராக்ஸன்' பழசுதான் எனக்கு. ஆனா மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையே டிரம்ஸ் செட் மாதிரி நினைச்சு எழுதியிருக்கார்னு கேக்கும்போதே தெரியும். ஹெட்போன் போட்டுக் கேளுங்க, சத்தமா வைங்க. நண்பருக்கும் லிங்க் அனுப்பிட்டேன், ரெண்டு ப்ளூ டிக் விழுந்திருக்கு, பதில் இன்னும் வரல.